வெளிச்சம் தெரிந்தால் அமுக்கவும்

இருட்டறையில், பார்வையை அளக்கும் இயந்திரத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்த பெரியவர், கையிலிருந்த பட்டனைப் படபடவென்று அமுக்கித் தள்ளினார்.

முடிவைப் பார்த்த பரிசோதகப் பெண் சிரித்துவிட்டாள். "ஐயா, வெளிச்சம் வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க. மெஷின் போட்டுக் கொடுத்துடுச்சு!"

பெரியவர் திருதிருவென்று விழித்தார். "ஒண்ணு ரெண்டு விட்டுட்டா, பார்வை போச்சுன்னு எழுதிடுவீங்களேம்மா..."

"இதுல பாஸ், பெயில் எல்லாம் இல்லைங்க. கண் அழுத்தம் வலியே இல்லாம ஓரப் பார்வையைத் தின்னுடும். போனது திரும்ப வராது. தெரியாததைத் தெரியலைன்னு விட்டாத்தான், இருக்கிறதை டாக்டர் காப்பாத்த முடியும். மறுபடியும் பண்ணுவோம், நேர்மையா!"

இந்த முறை வெளிச்சம் தெரிந்தபோது மட்டும் அமுக்கினார்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழுத்தம் நல்லா இறங்கியிருக்கு. ஓரப் பார்வையும் போன வருஷம் மாதிரியே இருக்கு. சொட்டு மருந்தை மட்டும் ஒருநாளும் விட்டுடாதீங்க."

வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார் பெரியவர்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்ட அவர் மனைவியிடம், பரிசோதகப் பெண் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"இவரா? பரீட்சையில காப்பி அடிக்கிறவங்களைப் பிடிக்கிற பறக்கும் படைக்கே தலைவரா இருந்தவராச்சே! ஹாலுக்குள்ள நுழைஞ்சாலே பசங்க பிட்டை முழுங்கிடுவாங்க!"

"மெதுவா பேசேன்" என்று பல்லைக் கடித்தார் பெரியவர், காத்திருந்த வரிசையை ஓரக்கண்ணால் நோட்டம் விட்டபடி. "நான் பிடிச்ச பய எவனாவது இங்க உட்கார்ந்திருக்கப் போறான்!"