சாகாத புல்

பசுமைக்குடிலின் நெகிழிக் கூரை வழியே வெளிச்சம் பால்போல இறங்குகிறது. நீண்ட மேசையில் இரண்டு வரிசைத் தொட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே களைப்புல், ஒரே களைக்கொல்லி தெளித்தது. முன்வரிசை, வேறிடத்து விதையில் முளைத்தது, வைக்கோலாகச் சாய்ந்து கிடக்கிறது. பின்வரிசை, அண்ணன் தன் வயலிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த விதையில் முளைத்தது, பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. ஆராய்ச்சி செய்யும் தங்கை கையுறையைக் கழற்றியபடி, அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள். “உன்னுது ஒண்ணுகூட சாகலைண்ணா.” “அப்போ மருந்து?” “இனி உன் வயலுக்கு அது வெறும் தண்ணிதான்.” “நம்ம வீட்டுப் பிடிவாதம் புல்லுக்கும் வந்துடுச்சு” என்கிறான். இருவரும் சிரிக்கவில்லை. சுவரோரம் மின்விசிறி உறுமிக்கொண்டே இருக்கிறது. அவன் கை தானாக நீண்டு, ஒரு புல்லை அடியில் பிடித்து, வேரோடு இழுத்துவிடுகிறது. தான் நிற்பது வயலில் இல்லை என்று அப்புறம்தான் அவனுக்கு உறைக்கிறது. விரலிடுக்கில் மண் உதிர அப்படியே நிற்கிறான். “அது எனக்கு வேணும்ண்ணா. எப்படிப் பிழைக்குதுன்னு பாக்கணும்.” அவள் அதை வாங்கி, தொட்டியில் குழி பறித்துத் திரும்ப நடுகிறாள். அவன் மேசைக்கடியில் இருந்த பூவாளியை எடுத்து, தன் வயலைத் தின்னும் புல்லுக்கு, வேர் நனையும்வரை தண்ணீர் ஊற்றுகிறான்.