ஐம்பத்திரண்டு இடங்கள்

"எதைத் தேடினாலும் எனக்குப் பத்து நிமிஷம் போதும். ட்ரூல்ஸ் வேணும்னா மதியச் சாப்பாடு வரைக்கும் எடுத்துக்கட்டும்" என்றாள் டோர்தே.

மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ட்ரூல்ஸ் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்த நாளிலிருந்து இருவருக்கும் இந்தச் சீண்டல் பழக்கம்தான். ஆனால் இன்று விஷயம் பெரிது. டென்மார்க்கின் வடக்கு யூலாந்தில் உள்ள ஒரு பால் நிறுவனம் தன் தகவல்களை இனி எந்த முறையில் வைத்துக்கொள்வது என்று இன்று காலை முடிவு செய்யப்போகிறது. ஜெயிப்பவருக்கு ஐந்து வருட வேலை. நாலே பேர் கொண்ட டோர்தேயின் குழுவுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இதுவரை வந்ததில்லை. காலையிலிருந்து அவளுக்குக் காபிகூட இறங்கவில்லை.

நிறுவனத்தில் ஆறு துறைகள். ஆறும் தனித்தனிக் கணினிகளில் தத்தம் போக்கில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தன. அத்தனையையும் கொண்டுவந்து ஒரே பெரிய தகவல் கிடங்கில் சேர்த்துவிட வேண்டும், எதைத் தேடினாலும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது டோர்தேயின் கட்சி. ட்ரூல்ஸ் நேர்மாறு. தகவல் பிறந்த இடத்திலேயே இருக்கட்டும், அந்தந்தத் துறையே அதற்குப் பொறுப்பாக இருந்து, கேட்பவர்களுக்குப் புரிகிற வடிவில் கொடுக்கட்டும் என்பான். நிறுவனத்தின் நிஜத் தகவல்களை வைத்தே மூன்று மாதமாக இரண்டு முறைகளையும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது.

"உன் கிடங்குல எல்லாமே இருக்கும் டோர்தே. என்ன, நேத்து வரைக்கும்தான் இருக்கும்."

"உன்னோடது ஆறு வீட்டுக் கதவைத் தட்டி ஒவ்வொருத்தரையா எழுப்புற வேலை. எழுந்து வர்றதுக்குள்ள விடிஞ்சிடும்."

போதில் என்ற நிர்வாக இயக்குநர் ஒன்பது மணிக்கு வர வேண்டியவர், ஒன்பது இருபதுக்கு வந்தார். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. டோர்தே ஒரு வாரமாகச் செய்து வைத்திருந்த விளக்கப் படங்களைத் திறக்கப் போனதும், அதெல்லாம் வேண்டாம் என்று கையமர்த்தினார்.

"ஒரே ஒரு கேள்வி. ரெண்டு பேரும் அவங்கவங்க முறையில பதில் கண்டுபிடிங்க. நேத்து ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் இரண்டாவது இயந்திரத்துல அடைச்ச சாதாத் தயிர்க் கிண்ணத்துல பாதாம் கலந்துடுச்சுன்னு வச்சுக்குவோம். ஒத்துக்காத குழந்தைக்கு ஒரு கரண்டி போதும், மூச்சு அடைச்சிடும். எந்தெந்தப் பள்ளிக்கும் குழந்தைங்க காப்பகத்துக்கும் அது போயிருக்கு? முழுப் பட்டியலும் வேணும்."

டோர்தேயின் விரல்கள் பறந்தன. ஒன்பதாவது நிமிடம் பட்டியல் தயார். நாற்பத்து மூன்று இடங்கள். போதில் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். டோர்தேக்கு நாற்காலியில் இருப்பே கொள்ளவில்லை. ட்ரூல்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆலை ஒரு எண் சொன்னது, குளிர்கிடங்கு வேறு எண் சொன்னது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தட்டினான். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள் அவள்.

இருபத்து நாலாவது நிமிடம் அவன் நிமிர்ந்தான். நாற்பத்தெட்டு இடங்கள்.

"எப்படி நாப்பத்தெட்டு?" அவள் எழுந்து அவன் பக்கம் போனாள்.

அவளிடம் இல்லாத ஒன்பது இடங்கள் அவன் பட்டியலில் இருந்தன. காலை ஐந்தரைக்கு ஏற்றிய லாரி. அவளுடைய கிடங்கில் நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சேர்ந்திருக்கவில்லை. டோர்தேக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் கண் பட்டியலை விடவில்லை.

"இரு. என்கிட்ட இருக்கிற நாலு உன்கிட்ட இல்லையே."

குளிர்கிடங்கு சில கிண்ணங்களைப் பெட்டி மாற்றி, புது எண் போட்டு அனுப்பியிருந்தது. பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே இடத்தில் இருந்ததால் அவளுடைய கிடங்கு அதைப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு துறையாகக் கேட்டுப்போன ட்ரூல்ஸுக்கு அது தட்டுப்படவேயில்லை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இயக்குநர், இரண்டையும் சேர்த்து ஒரே பட்டியலாகக் கொடுக்கச் சொன்னார். மூன்று மாதமாக முட்டிக்கொண்ட இருவரும் ஒரே திரைமுன் குனிந்தார்கள். அவள் படிக்க, அவன் தட்ட, ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்க, நாலே நிமிடத்தில் வேலை முடிந்தது. ஐம்பத்திரண்டு இடங்கள். கல்லூரி நாட்களுக்குப் பிறகு இவ்வளவு உற்சாகமாக எதையும் செய்ததில்லை என்று டோர்தேக்குத் தோன்றியது. இரண்டு முறைகளையும் இணைத்தால் என்ன என்று ட்ரூல்ஸ் அதற்குள் ஒரு தாளில் கட்டம் போட ஆரம்பித்திருந்தான். அவள் பேனாவைப் பிடுங்கித் திருத்தினாள்.

போதில் புதுப் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார்; வெகுநேரம் வரவில்லை. அடுத்த அறையில் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. திரும்பியபோது மணி பத்தரை தாண்டியிருந்தது. வந்தவர் மேலங்கியோடே நாற்காலியில் சாய்ந்தார்.

"சொல்லுங்க போதில், யாருக்கு வேலை?" டோர்தேயால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அதை நாளைக்குப் பேசலாம்" என்றார் அவர். "கடைசிக் காப்பகத்துலயும் இப்பத்தான் தயிரை மேசையிலிருந்து எடுத்தாங்களாம், குழந்தைங்க சாப்பிட உட்கார்றதுக்கு முன்னாடியே. நான் உங்களுக்கு வச்சது பரீட்சை இல்லை, பாதாம் நிஜமாவே கலந்துடுச்சு."