கல்லீரல் பொருத்தம்

இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்பதில்லை. பெண்ணின் அப்பா வயிற்றில் ஒரு கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். கல்லீரலில் படிந்த கொழுப்பைப் பார்த்து, மாரடைப்பு எப்போது வரும் என்று அது சொல்லிவிடும். மாப்பிள்ளை வீட்டாரைச் சோதிக்கிற வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

அந்தக் கருவியைக் கண்டுபிடித்த டாக்டர் திருமேனிநாதனே இன்று சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. கருவியில் சிவப்பு எரிந்தது.

"இது பரம்பரையா வரும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க, டாக்டர்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

உள்ளே மகள் நறுமுகை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவளே ஆசைப்பட்ட பையன். டாக்டர் தன் ஆயுள்கால உழைப்பை அப்படியே விழுங்கினார்.

"அந்த ஆராய்ச்சியே தப்பும்மா. அவசரப்பட்டு எழுதிட்டேன்."

"சத்தியமாவா?"

"என் பொண்ணு மேல சத்தியமா."

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். "அப்பாடா! எங்க பையனுக்கும் சிவப்புதாங்க. நாப்பதைத் தாண்டமாட்டான்னு காட்டிச்சு. எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தோம். இனி என்ன, தட்டை மாத்திக்கலாம்!"

தாம்பூலத் தட்டு நீண்டது. நறுமுகை கதவோரம் வந்து நின்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டருக்குக் கை எழவில்லை. அந்த ஆராய்ச்சியில் ஒரு பிழைகூட இல்லை என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.