கீறல் விழுந்த கலக்கி

குடுவைக்குள் கரைந்திருந்த வெள்ளைப் பொடிக்கு அன்று தலைகால் புரியவில்லை. உலோகம் இருந்தால்தான் சேரும் இரண்டு மூலக்கூறுகளை அது தனியாகவே சேர்த்துவிட்டதாக ஆய்வகம் முழுக்கப் பேச்சு.

அதே குடுவையின் அடியில், கரைசலுக்குள் சுழன்றுகொண்டிருந்த பழைய காந்தக் கலக்கித் துண்டு மெதுவாகச் சொன்னது: "தம்பி, போன வேலையில ஒட்டின பல்லேடியம் உலோகம் இன்னும் என் கீறல்ல கிடக்கு. ஒருவேளை அதுதான் சேர்த்து வச்சிருக்குமோ?"

"சுத்துறது உன் வேலை. அதை மட்டும் பாரு," என்றது பொடி.

மறுநாள், சரிபார்ப்பதற்காக ஆய்வாளர் ஜெசிந்தா கீறலே இல்லாத புதுக் கலக்கியைப் போட்டார். பொழுது சாயும்வரை அந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொடி சலித்துக்கொண்டது.

"இந்தப் புதுசுக்கு ஒழுங்கா சுத்தக்கூடத் தெரியல."