முன்னால் போகும் விளக்கமாறு

கோவில்பட்டி பைபாஸில் உள்ள ஹைட்ரஜன் பங்கில், விளக்கமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பதுதான் பேச்சித்தாய்க்கு வேலை. கசிந்த ஹைட்ரஜன் பகலில் எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. புகையும் இல்லை, வாடையும் இல்லை. புகையில்லாத கார் என்று ஊரெல்லாம் பெருமை பேசும். பங்கில் அதுதான் பயம்.

உச்சி வெயிலில் புதுக் கார் ஒன்று வந்து நின்றது. பட்டு வேட்டிக்காரர் இறங்கி, தானே குழாயை எடுக்கப் போனார். குறுக்கே விளக்கமாறு நீண்டது.

"பொண்ணு பாக்கப் போறவன் மூஞ்சிக்கு நேரா வெளக்கமாத்த நீட்டுற? கூறு இருக்கா?"

"மாப்பிள்ளைக்கு நாப்பது வயசு வரைக்கும் காத்திருக்கத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு நிமிசம் நில்லுங்க அண்ணாச்சி."

"எடு அத."

குழாயை நோக்கி அவர் கையை நீட்டினார். பேச்சித்தாய் விளக்கமாற்றை எடுக்கவில்லை, இன்னும் ஓரடி முன்னால் தள்ளினாள். குழாய்க்கு ஒரு முழம் இப்பால், வெறும் காற்றில், ஈர்க்கு நுனி கருகிச் சுருண்டு பற்றிக்கொண்டது.

அவர் தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

"மூணாம் நம்பர் குழாய அடைங்க" என்று பங்கின் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். விளக்கமாற்றை மணல் வாளியில் குத்தி அணைத்தாள். ஒரு சாண் குறைந்திருந்தது.

"கேட்டு வரைக்கும் நான் முன்னால போறேன். பின்னாலயே வாங்க."

பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் விளக்கமாற்றின் பின்னாலேயே நடந்தார்.