பர்மனென்டா, கான்ட்ராக்டா?

“எட்டு வருசத்துல நாலு கம்பெனி மாறியிருக்கான்! ஒருத்தனாச்சும் பர்மனென்ட் பண்ணானா?”

“கம்பெனி இல்லீங்க, கிளப்பு! எத்தனை தடவை—”

“எல்லாம் ஒண்ணுதான். இப்பவும் ரெண்டு வருச கான்ட்ராக்டு. அதுக்கப்புறம்—”

“மொதல்ல சிரிச்ச மொகமாப் பேசுங்க. பார்த்துட்டு இருக்காங்க.”

பிரகாசம் உடனே சிரித்தார். எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்த வெஸ்லினும் பதிலுக்குச் சிரித்தான். அவன் பக்கத்தில் அவன் அம்மா அன்னெகா, மடியில் மாம்பழத் தட்டோடு.

சண்டை கன்னடத்தில் நடந்துகொண்டிருந்தது. விருந்தாளி காதில் விழக்கூடாத எதையும் அந்த ஓசூர் வீட்டில் கன்னடத்தில்தான் பேசுவார்கள். பிரகாசத்தின் மனைவி ஜெபசீலி பிறந்தது கர்நாடக எல்லையோரத் தளி. பிரகாசம் முப்பது வருட ஃபாக்டரி ஷிப்டில் கற்றுக்கொண்டார். படிக்கிறவர்களுக்காக இங்கே எல்லாம் தமிழில்.

வெஸ்லினுக்குத் தமிழ் தெரியும். அப்பா நாகரசம்பட்டிக்காரர், அம்மா நெதர்லாந்துக்காரர். அங்கே பிறந்து, கால்பந்து ஆடக் கற்று, பெல்ஜியம், சைப்ரஸ், பெங்களூர் என்று ஆடிவிட்டு இப்போது நார்வேயில் ஆடுகிறான்.

பெங்களூரில் ஆடியபோது முழங்கால் பிசகியது. அதைச் சரிசெய்த பிசியோதெரபிஸ்ட் கெசியா, பிரகாசத்தின் ஒரே மகள். வெஸ்லினின் அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அம்மாவும் மகனுமாகப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். நாளை மறுநாள் விமானம். இன்றைக்கே பதில் தெரிந்தாக வேண்டும்.

“பெங்களூர்ல ஒரு வருசம் இருந்தவனாச்சே. கன்னடம் புரியுமோ?”

“தண்ணி கேக்கக்கூடத் தெரியாதாம். கெசியாவே சொன்னா.”

பிரகாசத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. “சரி, கோலாவது போடறானா?”

“கோல் அவரு வேலை இல்லீங்க. பின்னாடி நின்னு, வர்றவங்களை உள்ளே விடாமத் தடுக்கணுமாம்.”

“அப்ப செக்யூரிட்டின்னு சொல்லு!”

“ஐயோ, சிரிங்க, சிரிங்க.”

“போன வருசம் செவப்பு அட்டை வாங்கி மூணு மேட்சு சஸ்பென்டாமே. மெமோ வாங்கினவனை எவன் பர்மனென்ட் பண்ணுவான்?”

“அவரு முதுகுல இருக்கற நம்பர் என்ன தெரியுமா? மூணு. உங்க டோக்கன் நம்பர் ஆயிரத்து நானூத்தி எம்பத்திரெண்டு. யாருங்க சீனியரு?”

ஜெபசீலி அந்தச் சூட்டோடு தமிழுக்குத் தாவினாள். “மிக்சர் எடுத்துக்கங்க தம்பி. நீங்களும் எடுத்துக்கங்கம்மா… ஈட், ஈட்!”

அன்னெகா தலையை அசைத்து ஒரு கை மிக்சர் அள்ளிக்கொண்டார்.

“முப்பத்தஞ்சுல வீட்டுக்கு அனுப்பிருவாங்க ஜெபா. இப்பவே இருபத்தேழு. அப்புறம்?”

“கோச்சு ஆவாரு. நீங்க அம்பத்தெட்டுல ரிட்டயராயி என்ன கிழிச்சீங்க? ரிமோட்டைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க.” ஜெபசீலி முகத்தில் சிரிப்பு குறையவே இல்லை. “பையன் தங்கமுங்க. எனக்குப் பயமெல்லாம் இந்தம்மாதான். மூஞ்சியப் பாருங்க, உப்புப் போடாம வேகவெச்ச உருளைக்கெழங்காட்டம். இவங்ககூட நம்ம புள்ள என்னத்தப் பேசும், என்னத்தத் திங்கும்?”

“ஒரு பேச்சும் காணோமே. ஊமையா என்ன?”

வெஸ்லின் அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: “ஆன்ட்டி… அம்மாவுக்கு இந்தப் பக்கமெல்லாம் நல்லாப் பழக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி தளி ரோஜாப் பண்ணையில நாலு வருசம் சூப்பர்வைசரா இருந்தாங்க. அப்பாவை அங்கதான் பார்த்தாங்க.”

“அட, எங்க ஊரு!” என்று தமிழில் பூரித்த ஜெபசீலி, மூச்சு விடாமல் கன்னடத்துக்குத் திரும்பினாள். “கேட்டீங்களா? நாலு வருசம் இங்கயே இருந்தும் ஒரு வார்த்தை தமிழ் வரலை. எவ்வளவு தலைக்கனம் பாருங்க!”

அப்போது கெசியா காபி டிரேயோடு வந்தாள். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டவள். அப்பாவிடம் கப்பை நீட்டியபடி, அதே கன்னடத்தில், அதே சிரிப்போடு சொன்னாள்:

“பர்மனென்டோ கான்ட்ராக்டோ, எனக்கு இவர்தான்ப்பா. இல்லேன்னா யாரும் வேண்டாம்.”

சிரிப்பு சரியாகத்தான் இருந்தது. டிரேயில் மற்ற கப்புகள்தான் கடகடவென்று ஆடின.

பிரகாசம் மகளைப் பார்த்தார். டிரேயைப் பார்த்தார். “சரி விடு. ஆனா மாமியாரை நீயே சமாளிச்சுக்கணும். அப்புறம் அழுதுட்டு போன் பண்ணக்கூடாது.”

தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் தமிழுக்கு வந்தார். “தம்பி, கர்த்தரோட சித்தம் இதுதான்னா எங்களுக்கும் முழுச் சம்மதம்.”

வெஸ்லின் சோபாவை விட்டு எழுந்தேவிட்டான். ஜெபசீலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெசியா முகமெல்லாம் சிவக்க, அன்னெகா பக்கம் திரும்பி, அப்பா சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தாள்.

வேண்டாம் என்று அன்னெகா கையமர்த்தினார். காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். கப்பை டிரேயில் வைத்துவிட்டு எழுந்து, ஜெபசீலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அசல் தளிக் கன்னடத்தில் சொன்னார்:

“ஊருக்குப் போய் யோசிச்சுட்டு போன் பண்றோம்மா.”