ஆட்டக்காரர்களுக்கு டிக்கெட் வேண்டாம்

காட்டுப் பள்ளியின் கூடைப்பந்துப் போட்டிக்கு, ஆட்டக்காரர் ஒருவருக்கு இரண்டு டிக்கெட்தான் என்று கீரி வாத்தியார் கறாராக அறிவித்துவிட்டார். கேலரி அவ்வளவு சின்னது.

தாய் முயல் தவித்துப்போனாள். மகன் துள்ளனுக்கு இதுதான் முதல் ஆட்டம். வளை முழுக்கச் சொந்தபந்தம். யாரை விட்டுவிட்டுப் போவது?

"சார், கொஞ்சம் பார்த்துக் குடுங்க."

"முடியாதும்மா. ஆட்டக்காரங்களைத் தவிர யாரும் டிக்கெட் இல்லாம உள்ள வர முடியாது."

"ஓ, ஆட்டக்காரங்களுக்கு டிக்கெட்டே வேண்டாமா?" அவள் காதுகள் நிமிர்ந்தன.

போட்டியன்று பெரியம்மா, சித்தப்பா, பொடிசுகள் என முயல் குடும்பமே பனியன் மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கியது. எதிரணி அணில்கள் விடுவார்களா? அவர்களும் குடும்பத்தோடு இறங்கினார்கள். கால் வைக்க இடமில்லை. விசில் ஊதியதும் பந்து யார் தலையிலோ பட்டுத் தெறித்துத் தாய் முயலிடம் வந்தது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். பந்து நேராகக் கூடைக்குள் விழுந்தது!

பூரிப்போடு மகனைத் தேடினாள். நெரிசலில் அவனைக் காணோம்.

காலியாகக் கிடந்த கேலரியிலிருந்து ஒரு குரல் கேட்டது. இடம் கிடைக்காமல் வெளியே தள்ளப்பட்ட துள்ளன், கீரி வாத்தியாரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"சார், பாத்தீங்களா? அது எங்கம்மா!"